சாயம் ஏறியது சரி, எங்கே ஏறியது?

மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும் செல்லைப் பார்த்ததும் "என் புரதம் இங்கேதான் இருக்கிறது" என்று சொல்லிவிடத் தோன்றும். கண்ணுக்குத் தெரிவது சாயம் மட்டுமே. அது நாம் நினைக்கும் புரதத்தோடு ஒட்டியிருக்கலாம். எத்தனை முறை கழுவியும் போகாமல் சவ்வில் தங்கிவிட்ட மிச்சச் சாயமாக இருக்கலாம். புரதம் சிதைந்தபின், கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமில் குவிந்த துண்டாகவும் இருக்கலாம். படத்தை வைத்து இந்த மூன்றையும் பிரித்தறிவது கடினம். ஒரு ஜெல் ஓட்டினால், அதாவது மின்புலத்தில் புரதங்களை எடைப்படி பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் தெரிந்துவிடும். புரதத்தில் சாயம் போன்ற அடையாளத்தை ஏற்றும் குறியிடல் முறைகளைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப ஜெல்லுக்கே வருவது அதனால்தான்.

ஆய்வகங்களில் அடிக்கடி நடப்பதும் அடிக்கடி தவறுவதும் ஒரே வேலைதான்: குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுத்தமாக எடுத்து, அதில் என்எச்எஸ் எஸ்டர் என்ற வினைபுரியும் முனை கொண்ட சாயத்தை ஏற்றுவது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்எச்எஸ் எஸ்டர் பிடிப்பது நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதியை. லைசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியிலும் புரதச் சங்கிலியின் தொடக்க முனையிலும் அமீன் உண்டு. அந்த அமீன் புரோட்டானைச் சுமந்துகொண்டிருந்தால் வினை நடக்காது. அதனால்தான் பிஎச் 8.3 அளவில் வைக்கிறோம். இன்னும் ஏற்றினால் வினை வேகமாக நடக்கும், ஆனால் தண்ணீரும் அதே எஸ்டரை வேகமாக உடைக்கும். பிஎச் 7, 0 டிகிரியில் எஸ்டரின் அரை ஆயுள் 4 முதல் 5 மணி நேரம். பிஎச் 8.6-இல் 4 டிகிரியில் வைத்தால்கூட அது ஏறக்குறைய 10 நிமிடமாகச் சுருங்கிவிடும். அமீனும் தண்ணீரும் ஒரே சாயத்துக்குப் போட்டி போடுகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும். புரதக் கரைசல் நீர்த்திருந்தால் தண்ணீர் ஜெயிக்கும். எனவே மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கட்டும்.

ஒரு கணக்கோடு பார்ப்போம். 1 மில்லிகிராம் ஐஜிஜி (வழக்கமான ஆன்டிபாடி வகை), 0.5 மில்லிலிட்டர் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் பஃபரில் இருக்கிறது. ஐஜிஜியின் எடை 150 கிலோடால்டன் என்று கொண்டால் இது 6.7 நானோமோல். இதில் 50 மைக்ரோலிட்டர் 1 மோலார் சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் பிஎச் தேவையான இடத்துக்கு வரும். சாயம் அலெக்சா ஃப்ளூர் 488 என்எச்எஸ் எஸ்டர், மூலக்கூறு எடை 643. ஈரமற்ற டிஎம்எஸ்ஓ கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்தால் 15.5 மில்லிமோலார். புரதத்தைப் போல் 10 மடங்கு மோல் சாயம் வேண்டுமானால் 67 நானோமோல், அதாவது 4.3 மைக்ரோலிட்டர். ஆன்டிபாடியைச் சுழற்றிக்கொண்டே சாயத்தைச் சேர்க்க வேண்டும். அசையாமல் நிற்கும் கரைசலில் ஒரு சொட்டாக விட்டால், சொட்டு விழுந்த இடத்தில் இருக்கும் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிச் சாயம் வாங்கி, திரிந்து அடியில் படியும். அறை வெப்பநிலையில், ஒளி படாமல், 1 மணி நேரம். பிறகு அமீன் கொண்ட டிரிஸ் பஃபரை (பிஎச் 8) சேர்த்து 15 நிமிடம் விட்டால் மீந்த எஸ்டர் தீர்ந்துவிடும்.

சாயக்குப்பியை மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த குப்பிக்குள் காற்றின் ஈரம் படியும். அந்த ஈரமே எஸ்டரைக் கொன்றுவிடும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறந்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் கரைக்க வேண்டும். டிஎம்எஸ்ஓவுக்குப் பதிலாக டிஎம்எஃப் கரைப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பழைய டிஎம்எஃப்பில் சிதைவால் உண்டான டைமெதில் அமீன் இருக்கும். அதுவும் ஓர் அமீன்தான், சாயத்தைத் தின்றுவிடும்.

வினை தோற்றுப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆன்டிபாடி வந்த குப்பியை. டிரிஸ், கிளைசின், அம்மோனியம் உப்பு எதுவும் அதில் இருக்கக் கூடாது. மிகப் பெரிய தொல்லை, நிலைப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படும் பிஎஸ்ஏ என்ற மாட்டு அல்புமின் புரதம். 1 சதவீத பிஎஸ்ஏ என்றால் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆன்டிபாடியைவிடப் பல மடங்கு. பிஎஸ்ஏவில் 30-க்கு மேற்பட்ட லைசின்கள் வினைக்கு எட்டும்படி வெளியே இருக்கின்றன. சாயம் பெரும்பாலும் அங்கேதான் போகும். 66 கிலோடால்டன் எடையுள்ள அது உப்பு நீக்கும் மணிகள் நிரப்பிய குழாயில் (column) ஆன்டிபாடியோடு சேர்ந்தே வெளியே வரும். ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ அல்லது ஜி கொண்ட குழாய் வழியாகத்தான் பிரிக்க வேண்டும். அங்கேயும் ஒரு கண்ணி: அந்தக் குழாயிலிருந்து ஆன்டிபாடியைக் கழற்றப் பயன்படுவது பெரும்பாலும் அமிலக் கிளைசின் பஃபர். அதை நீக்காமல் சாயம் சேர்த்தால் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். 0.02 சதவீத சோடியம் அசைடு இந்த வினையை அவ்வளவாகக் கெடுக்காது. அது கெடுக்கும் வேறு வினைகளைப் பின்னால் சொல்கிறேன்.

வினை முடிந்ததும் செபடெக்ஸ் ஜி-25 மணிகள் நிரப்பிய உப்பு நீக்கும் குழாயில் ஓட்டுங்கள். முதலில் இறங்கும் நிறப்பட்டை புரதம், பின்தங்கும் பட்டை ஒட்டாத சாயம். டயாலிசிஸ் செய்யலாம்தான், ஆனால் சாயம் புரதத்தோடு தளர்வாக ஒட்டிக்கொள்வதால் நாள்கணக்கில் இழுக்கும். குழாயே எனக்கு எப்போதும் மேல்.

இனி ஒரு மூலக்கூறுக்கு எத்தனை சாயம் என்ற கணக்கு. பலரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டவே கூடாது. கரைசலின் ஒளி உறிஞ்சலை 280 நானோமீட்டரிலும் 494 நானோமீட்டரிலும் அளக்கிறோம். 280-இல் 0.90, 494-இல் 1.20 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அலெக்சா 488 சாயம் 280-இலும் கொஞ்சம் உறிஞ்சும். அதன் உச்ச அளவில் 0.11 பங்கு. எனவே 1.20-ஐ 0.11-ஆல் பெருக்கி 0.90-இலிருந்து கழித்தால் 0.768. இதை ஐஜிஜியின் உறிஞ்சல் எண்ணான 2,10,000-ஆல் வகுத்தால் புரதம் 3.7 மைக்ரோமோலார். 1.20-ஐச் சாயத்தின் எண்ணான 71,000-ஆல் வகுத்தால் சாயம் 16.9 மைக்ரோமோலார். ஆக, ஓர் ஆன்டிபாடிக்குச் சராசரியாக 4.6 சாயம். 3 முதல் 6 வரை இருந்தால் நல்லது. 1-க்குக் கீழே என்றால் பஃபரில் அமீன் இருந்திருக்கும், இல்லையேல் எஸ்டர் ஏற்கெனவே உடைந்திருக்கும். 8-ஐத் தாண்டினால் ஒளி கூடாது, குறையும். அருகருகே இருக்கும் சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று அணைத்துக்கொள்ளும், ஆன்டிபாடி கண்ட இடத்திலெல்லாம் ஒட்டும், இலக்கைப் பிடிக்கும் வலுவையும் இழக்கும். பாதுகாப்புக்காக பிஎஸ்ஏ சேர்ப்பதாக இருந்தால் இந்த அளவீட்டுக்குப் பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் 280 அளவு பொய் சொல்லும்.

சில ஆன்டிபாடிகளில் இலக்கைப் பிடிக்கும் இடத்திலேயே லைசின் அமைந்திருக்கும். அவற்றில் 2 சாயம் ஏறினாலே பிடிப்பு போய்விடும். அப்போது தயோல் என்ற கந்தகத் தொகுதி கொண்ட சிஸ்டீன் பக்கம் போக வேண்டும். தயோலைப் பிடிக்கும் மாலிமைடு சாயம், பிஎச் 6.5 முதல் 7.5 வரை. 7.5-ஐத் தாண்டினால் அமீன்களையும் தொடத் தொடங்கும், தேர்ந்த இடத்தில் ஏற்றும் பயன் போய்விடும். இரண்டு சிஸ்டீன்களை இணைக்கும் டைசல்ஃபைடைத் திறக்க டிடிடி பயன்படுத்தினால் அதை முழுதும் நீக்கிய பிறகே மாலிமைடு சேர்க்கலாம், ஏனென்றால் டிடிடியிலும் தயோல்தான் இருக்கிறது. அதே வேலைக்குப் பயன்படும் டிசிஇபியில் தயோல் இல்லை என்றாலும் அதிகம் இருந்தால் அதுவும் மாலிமைடோடு வினைபுரியும். இதில் உண்டாகும் பிணைப்பு நிரந்தரம் என்றும் எண்ணிவிடாதீர்கள்: குளூட்டாதயோன் போன்ற தயோல்கள் நிறைந்த சூழலில் மெல்ல மெல்லச் சாயம் இடம் மாறும். பிணைப்புக்குப் பின் மாலிமைடின் வளையம் நீரால் திறந்துகொண்டால் அந்தச் சிக்கல் நின்றுவிடும்.

நிலைப்படுத்திய செல்களில்

சாயமேற்றிய ஆன்டிபாடியைக் கொண்டு திசுவில் ஒரு பொருளைத் தேடும் வழியை ஆல்பர்ட் கூன்ஸ் 1941-இல் தொடங்கி வைத்தார். இன்றைய வழக்கமான நடைமுறை: செல்லை நிலைப்படுத்த 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு 10 முதல் 15 நிமிடம், மிச்சத்தை அணைக்க 100 மில்லிமோலார் கிளைசின், சவ்வைத் திறக்க 0.1 முதல் 0.2 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 10 நிமிடம், கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க பிஎஸ்ஏ, பிறகு ஆன்டிபாடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை உண்டு. டிரைட்டன் சவ்வின் கொழுப்பைக் கரைப்பதால் சில சவ்வுப் புரதங்கள் இடம் பெயரும். மென்மையாக வேண்டுமென்றால் சாப்போனின். அது போடும் துளை கழுவினால் மூடிக்கொள்ளும் என்பதால் பின்வரும் எல்லாக் கரைசல்களிலும் அது இருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரி மெத்தனால் நுண்குழல்களுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் தானே பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் ஒளியை அணைத்துவிடும், ஆக்டின் இழைகளில் ஃபலாய்டின் என்ற குறிப்பொருள் ஒட்டாமல் செய்துவிடும்.

நுண் தெளிவு மைக்ரோஸ்கோப்பில் வேலை செய்பவர்கள் ஆன்டிபாடியின் நீளத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். முதல் ஆன்டிபாடி, அதன்மேல் இரண்டாவது ஆன்டிபாடி என்று அடுக்கினால் சாயம் உண்மையான இடத்திலிருந்து 20 நானோமீட்டர்வரை விலகி நிற்கும். கருவியின் தெளிவே 20 நானோமீட்டர் என்றால், அந்தத் தெளிவில் பெரும்பங்கு வீண். ஏறக்குறைய 15 கிலோடால்டன் எடையுள்ள நானோபாடி என்ற சிறு ஆன்டிபாடித் துண்டு இந்த இடைவெளியைச் சில நானோமீட்டராகக் குறைத்துவிடும்.

உயிருள்ள செல்களில்

ஜிஎஃப்பி 238 அமினோ அமிலம், 27 கிலோடால்டன். ஒசாமு ஷிமோமுரா 1962-இல் அக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்தது. அதை மற்ற உயிரினங்களில் ஒளிரச் செய்யலாம் என்று மார்ட்டின் சால்ஃபி 1994-இல் காட்டினார். ரோஜர் சியென் அதன் நிறங்களைப் பெருக்கினார். 2008-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும், சாயமே சேர்க்காமல் ஒளிரும் வசதிக்கு ஈடில்லை.

அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்துவதுதான் சிக்கல். அதன் நிறமி உருவாக ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாச் சூழலில் வளரும் நுண்ணுயிரியில் அது இருட்டாகவே இருக்கும். அமிலத்தன்மையில் ஒளி மங்கும், அதன் மேம்பட்ட வடிவமான இஜிஎஃப்பிக்கு பிஎச் 6 வந்தாலே பாதி போய்விடும். ஆகவே லைசோசோமுக்குள் போன புரதம் காணாமல் போனதுபோல் தோன்றும். சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி புரதம் இதற்கு நேர் எதிர். அமிலத்தையும் தாங்கும், லைசோசோம் நொதிகளுக்கும் எளிதில் சிதையாது. எனவே புரதம் அழிந்த பிறகும் சிவப்புப் புள்ளிகள் மிஞ்சும். பச்சையில் எடுத்த படமும் சிவப்பில் எடுத்த படமும் ஒத்துப்போகவில்லை என்றால், கண்டுபிடிப்பு என்று துள்ளும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜிஎஃப்பி இரண்டிரண்டாகச் சேரும் பழக்கமும் கொண்டது. சவ்வில் நெருக்கமாக இருக்கும் புரதங்களை அது பொய்யாகக் கூட்டிவைக்கும். 206-ஆம் இடத்து அலனினை லைசினாக மாற்றிய ஒற்றை வடிவத்தையே தேர்ந்தெடுங்கள்.

புரதத்தின் எந்த முனையில் ஜிஎஃப்பியை ஒட்டுவது? இதைப் புரதமே சொல்லிவிடும். ராஸ் புரதத்தின் கடைசி முனையில்தான் கொழுப்பு ஏறுகிறது. அந்த முனையில் ஜிஎஃப்பியை வைத்தால் அது சவ்வுக்கே போகாது, எனவே தொடக்க முனை. சுரக்கும் புரதத்தில் தொடக்க முனையில் வழிகாட்டும் வரிசை இருக்கிறது. அதன் முன்னால் எதையும் வைக்கக் கூடாது. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலேயே தங்கவைக்கும் கேடிஇஎல் வரிசை கடைசியில்தான் இருந்தாக வேண்டும். இரண்டு முனையும் பயன்பாட்டில் இருந்தால், அமைப்பைப் பார்த்து வெளியே துருத்தும் ஒரு வளைவைத் தேட வேண்டும். புரதத்துக்கும் ஜிஎஃப்பிக்கும் இடையே கிளைசினும் செரினும் கலந்த 10 முதல் 15 அமினோ அமில இணைப்பு இருந்தால் இரண்டும் தனித்தனியே மடங்க இடம் கிடைக்கும்.

ஒளி வலுவாக வேண்டும், நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்பவர்களுக்கு, நம் புரதத்தோடு இணைத்துச் சாயத்தைப் பிடிக்கவைக்கும் டேக்குகளான ஹேலோடேக், ஸ்னாப்டேக் இரண்டும் நல்ல வழி. ஹேலோடேக் 33 கிலோடால்டன், ஒரு பாக்டீரிய நொதியிலிருந்து செதுக்கப்பட்டது. குளோரோஆல்கேன் வால் கொண்ட எந்தச் சாயத்தையும் நிரந்தரப் பிணைப்பாகப் பிடிக்கும். ஸ்னாப்டேக் 20 கிலோடால்டன், டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் மனித நொதியிலிருந்து வந்தது. அது பிடிப்பது பென்சைல்குவானின். இரண்டையும் ஒரே செல்லில் இரு நிறங்களில் பயன்படுத்தலாம்.

ஹேலோடேக்குக்கு டிஎம்ஆர் சாயம் 5 மைக்ரோமோலார் 15 நிமிடம் போதும். ஜேஎஃப்549, ஜேஎஃப்646 போன்ற புதிய சாயங்கள் என்றால் 100 முதல் 200 நானோமோலாரே தாராளம். பிறகு மூன்று முறை கழுவி, புது ஊடகத்தில் 30 நிமிடம் 37 டிகிரியில் வைத்து, மறுபடி ஊடகத்தை மாற்ற வேண்டும். அந்த 30 நிமிடத்தைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். செல்லுக்குள் புகுந்த ஒட்டாத சாயம் மெல்லத்தான் வெளியே வரும். அவசரப்பட்டால் எண்டோசோம்களில் தேங்கிய சாயமே புள்ளிபுள்ளியாகப் படத்தில் தெரியும். ஒளி போதவில்லை என்று சாயத்தின் செறிவைக் கூட்டுவதும் இதே தவறுதான். டேக் எல்லாம் நிரம்பியபின் கூடுவது பின்னணி மட்டுமே. வாங்கும்போது சாயத்தின் மின்னூட்டத்தைப் பார்க்க வேண்டும். சல்ஃபோனேட் ஏறிய சாயங்கள் உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டாது. வெளிப்பரப்புப் புரதத்துக்கு அதுவே வரம், உள்ளே இருக்கும் புரதத்துக்கு அது பயனில்லை.

புரதத்தின் வயதை அளக்க இந்த டேக்குகள் அருமையானவை. ஒளிராத தடுப்பானைக் கொடுத்து இருக்கும் டேக்குகளையெல்லாம் நிரப்பி, கழுவி, சில மணி நேரம் கழித்துச் சாயம் கொடுத்தால் இடையில் புதிதாக உருவான புரதம் மட்டும் ஒளிரும். ஜிஎஃப்பியால் இதைச் செய்ய முடியாது.

அசைடையும் ஆல்கைனையும் இணைக்கும் கிளிக் வேதியியலைப் பற்றிச் சுருக்கமாக. 2022-இல் கரோலின் பெர்டோசி, மார்ட்டின் மெல்டால், பாரி ஷார்ப்லஸ் மூவருக்கும் நோபல் பெற்றுத் தந்த வினை இது. மெத்தியோனின் இல்லாத ஊடகத்தில் செல்லை அரை மணி நேரம் வைத்து, மெத்தியோனினுக்குப் பதிலாக அசிடோஹோமோஅலனின் கொடுத்தால் புதிதாக உருவாகும் புரதங்களில் அசைடு ஏறிவிடும். பிறகு ஆல்கைன் சாயமும் தாமிரமும். அஸ்கார்பேட்டை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், தாமிரத்தைப் பிடித்துவைக்கும் டிஎச்பிடிஏ அதைப்போல் 5 மடங்கு வேண்டும். தாமிரம் ஜிஎஃப்பியின் ஒளியைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் சேர்க்கத் திட்டமிடாதீர்கள். தாமிரம் இல்லாமலே அசைடைப் பிடிக்கும் டிபிசிஓ வழியில் சோடியம் அசைடுதான் எதிரி: 0.02 சதவீதம் என்றால் 3 மில்லிமோலார், மைக்ரோமோலாரில் சேர்க்கும் டிபிசிஓவை அது மூழ்கடித்துவிடும். எச்ஆர்பி என்ற பெராக்சிடேஸ் நொதியையும் அசைடு நிறுத்திவிடும். அந்தக் குணமே, பெராக்சிடேஸ் நொதியால் அருகிலுள்ள புரதங்களில் பயோட்டின் (பிரித்தெடுக்க உதவும் குறி) ஏற்றும் அபெக்ஸ்2 முறையில் உதவுகிறது. பயோட்டின் ஃபீனால் 500 மைக்ரோமோலார் 30 நிமிடம், ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லிமோலார் சரியாக 1 நிமிடம், உடனே அசைடு, அஸ்கார்பேட், டிரோலாக்ஸ் கலந்த கரைசலால் வினையை வெட்டிவிடுகிறோம்.

பகுப்பாய்வுக்காக

செல்லின் வெளிப்பரப்பில் எந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று அறிய சல்ஃபோ என்எச்எஸ் பயோட்டின் போதும். செல் சவ்வை அது தாண்டாது. பிஎச் 8 பிபிஎஸ்ஸில் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், பனிக்கட்டிமேல் 30 நிமிடம். சூடாகச் செய்தால் செல் பரப்பிலுள்ள புரதங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். செத்த செல்கள் பத்தில் ஒன்று இருந்தாலும் உட்புரதங்கள் கலந்துவிடும். எனவே பிரித்தெடுத்ததில் உட்புரதமான ஜிஏபிடிஎச் தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். நடுவே டைசல்ஃபைடு கொண்ட பயோட்டினை எடுத்திருந்தால் செல்லை உடைக்கும் பஃபரில் டிடிடியைச் சேர்க்காதீர்கள், பயோட்டின் கழன்றுவிடும்.

நிறை அளவியலில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) ஒப்பிட சைலாக் முறையைவிட மென்மையான குறி எனக்குத் தெரிந்து இல்லை. கனமான ஐசோடோப்பு கொண்ட லைசினும் ஆர்ஜினினும் உணவாகக் கொடுத்துச் செல்லை 5 முறை இரட்டிக்கவிட்டால் பழைய புரதம் ஏறக்குறைய 3 சதவீதமாகக் குறைந்துவிடும். சீரம் டயாலிசிஸ் செய்ததாக இருக்க வேண்டும், இல்லையேல் அதிலுள்ள சாதாரண அமினோ அமிலங்கள் கலந்துவிடும். சில செல்கள் ஆர்ஜினினைப் புரோலினாக மாற்றிக்கொள்ளும். ஊடகத்தில் கூடுதல் புரோலின் சேர்த்தால் அது அடங்கும். பல மாதிரிகளை ஒன்றாக ஒப்பிட உதவும் டிஎம்டி குறி மறுபடியும் என்எச்எஸ் வேதியியல்தான், டிரிஸும் அம்மோனியம் பைகார்பனேட்டும் இல்லாத பிஎச் 8.5. முடிவில் ஹைட்ராக்சைலமீன் சேர்ப்பது வினையை நிறுத்துவதோடு, தவறுதலாக டைரோசின், செரின் மேல் ஏறியவற்றையும் கழற்றும்.

இனி அந்த ஜெல். படம் எடுத்த அதே செல்களிலிருந்து ஒரு கிணறுக்கு 20 மைக்ரோகிராம் புரதம். நான்கு கிணறு போதும்: சாயம் கொடுத்த மாதிரி, டேக் இல்லாத செல்லுக்கு அதே சாயம், ஒளிராத தடுப்பானை முன்பே கொடுத்து, பின் சாயம் கொடுத்தது, சாயமே இல்லாதது. ஹேலோவும் ஸ்னாப்பும் நிரந்தரப் பிணைப்பு என்பதால் 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்கவிடலாம். ஜிஎஃப்பி இருந்தால் கொதிக்கவிடாமல் ஏற்றினால் ஜெல்லிலும் ஒளிரும். எம்செர்ரியைக் கொதிக்கவிட்டால் நிறமி இருக்கும் இடத்திலேயே சங்கிலி அறுபட்டு இரண்டு துண்டாகத் தெரியும். செல்லுக்குள் புரதம் சிதைந்ததாக அதைப் படித்துவிடாதீர்கள். ஏற்றும் பஃபரில் புரோமோஃபீனால் நீலம் வேண்டாம். அது சிவப்புச் சேனலில் தானே ஒளிரும். ஓட்டி முடித்து, வேறெந்தச் சாயமும் போடாமல் ஸ்கேன் செய்யுங்கள். முழு இணைப்புப் புரதத்தின் எடையில் ஒரே பட்டை, இரண்டாவது மூன்றாவது கிணற்றில் ஒன்றுமில்லை என்றால் படத்தை நம்பலாம். 27 அல்லது 33 கிலோடால்டனில் ஒரு பட்டை நின்றால் டேக் மட்டும் தனியே கழன்று திரிகிறது. அடியில் ஓடும் முனையில் ஒளி குவிந்திருந்தால் அது ஒட்டாத சாயம், கழுவும் நேரத்தை நீட்ட வேண்டும். ஸ்கேன் முடிந்த பிறகே, எல்லாப் புரதத்தையும் நீலமாகக் காட்டும் கூமாசி சாயம். முதலில் அதைப் போட்டால் ஒளிர்வை மறைத்துவிடும்.